மாமூல் வழி

அந்தக் கூடத்தில் மின்விசிறிகள் ஏழு. ஓடியவை ஐந்து. ஓடாத இரண்டில் ஒன்று சரியாக என் தலைக்கு மேல் இருந்தது.

நாற்காலிகள் வரிசைக்கு எட்டு வீதம் ஆறு வரிசை. நாற்பத்தெட்டு நாற்காலிகளில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர் வருகைப் பதிவுக்காக அனுப்பப்பட்ட மாணவர்கள். நான்கு பேர் ஆசிரியர்கள். ஒருத்தி என் மனைவி கமலா. இன்னொருவர் சமோசா கொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியே வெயிலைப் பார்த்துப் பயந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டவர்.

நான் மேடையருகே நின்று முதல் படத்தைத் திரையில் போட்டேன். ‘பிறர் நிலத்தின் வழியே நடந்து செல்லும் உரிமை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஒரு சட்ட ஆய்வு.’ தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. பதினெட்டாவது ஆளாகத் தங்கராசு உள்ளே வந்தான்.

சலவைச் சட்டை, கையில் மஞ்சள் பை. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். நான் கையை நீட்டினேன். தண்ணீர் பாட்டில் எட்டாத தூரத்தில் இருந்தது.

தங்கராசு என் சித்தப்பா மகன். பதினோரு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என் வழக்கில் அவன் எதிராளி. என் ஆய்வில் அவன் நூறாவது படிவம்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யாரும் வரலாம், யாரும் எழுந்து பேசலாம். “என்கிட்ட ஆராய்ச்சின்னு சொல்லி ஏமாத்தி எழுதி வாங்கிட்டாரு” என்று அவன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஐந்தரை வருஷ உழைப்பு பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

ஒன்பது கட்சிக்காரர்கள்

(போன வாரம் இந்தத் தொடரில் என் முழங்கால் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு எண்ணெய் வைத்தியம். மூன்றாவதில் ஒரு வாசகர், “இந்த வயதில் உங்களுக்கு எதற்கு டாக்டர் பட்டம்?” என்று கேட்டிருக்கிறார். என் மனைவி ஐந்தரை வருஷமாகக் கேட்கும் கேள்வி இது. அவளுக்குச் சொல்லாத பதிலை அவருக்குச் சொல்கிறேன்.)

வாலிபத்தில் சட்டம் படித்தேன். மூன்று வருஷம் கறுப்புக் கோட்டுப் போட்டேன். கிடைத்த கட்சிக்காரர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். கோட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டுறவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சின்ன வெங்காயம் போடுகிற ஒன்றரை ஏக்கர் என் பங்குக்கு வந்தது. அதற்குப் போகும் வழி தங்கராசுவின் வயல் மேற்கு வரப்பு. எண்பத்து நான்கு தப்படி. ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், ஒரு வெங்காய அறுவடை முடிந்த கையோடு, அவன் அங்கே கம்பி வேலி போட்டான். காரணம் கேட்டால் நான் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி முடிந்தபின் வந்தேன் என்று ஆரம்பிப்பான். அது இன்னொரு வாரத்துக்கு உரிய விஷயம். பஸ் தாமதம் என்று மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வேலி போட்டபின் ஊரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போக ஆயிரத்து முந்நூற்று நாற்பது தப்படி. வழக்குப் போட்டேன். சாட்சிக் கூண்டில் ஏறித் தங்கராசு சொன்னான்: “அங்க எந்தக் காலத்துலயும் வழி இருந்ததில்லீங்க.” நான் தோற்றேன்.

தோற்ற நீதிமன்றத்தின் படிகள் பதின்மூன்று. பதின்மூன்றாவது படியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும். வழி என்றால் என்ன, வழக்கம் என்றால் என்ன என்று யாரும் மறுக்க முடியாதபடி நானே ஒரு புத்தகம் எழுதுகிறேன். அதற்கு முன்னால் எம்.எல். முடிக்க வேண்டியிருந்தது, நல்லவேளை, ஓய்வுபெற்ற கையோடு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அதை முடித்து வைத்திருந்தேன்.

ஏழாவது கேள்வி

என் நெறியாளர் சுமதி. வயதில் என் மூத்த மகளைவிட நான்கு வருஷம் இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போய் அவரைப் பார்க்க வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“சார், புத்தகத்துல இருக்கறதை எழுதறதுக்கு நீங்க வேண்டாம். வயலுக்குப் போங்க. நூறு பேரைக் கேளுங்க.”

ஐந்து கிராமங்கள். எழுநூறு நிலக்காரர்களின் பட்டியல். ஒவ்வொரு ஏழாவது பெயரையும் எடுத்தால் நூறு. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததில் அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

கேள்விப் படிவத்தை நானே தயாரித்தேன். பதினெட்டுக் கேள்விகள். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இந்த உரிமையை ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்று எழுதுவார்கள். வழக்கமாக நடந்துவரும் வழி என்று பொருள். எனக்கு அந்தச் சொல்லின்மீது மரியாதை உண்டு. அதனால் ஏழாவது கேள்வியை இப்படி வைத்தேன்: ‘தங்களுக்கு மாமூல் உண்டா? எத்தனை ஆண்டுகளாக நடைபெறுகிறது? யாரிடமிருந்து வருகிறது?’

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பித்தேன். கண்ணாடி, கைப்பை, கையில் அட்டையோடு கூடிய படிவம். முதல் வீட்டில் செல்லமுத்து என்கிற விவசாயி ஆறு கேள்விகளுக்கு மணி மணியாகப் பதில் சொன்னார். ஏழாவதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், அந்த மாதிரி பழக்கமே எனக்குக் கிடையாதுங்க. மனு குடுத்தேன், அவங்களா பாத்து செஞ்சாங்க.”

“இல்லைங்க, மாமூல்னா...”

“மாமூல்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. யாரு சொன்னா உங்களுக்கு என் பேரை?”

இரண்டாவது வீட்டில் தீவனம் நறுக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள் அரிவாளைக் கீழே வைக்காமலே பேசினார். “யாருக்குக் குடுத்தேன்னு சொல்லிடறேன். நாளைக்கு என் பட்டாவ நீங்களே வந்து மாத்திக் குடுப்பீங்களா?”

மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் தெருமுனை டீக்கடையில் ஒருவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. “விஜிலென்ஸ்லேருந்து ஒரு கிழவரு வந்துருக்காரு. பாத்தா சாது மாதிரி இருக்காரு. அதான் பயமா இருக்கு.”

அன்று பதினான்கு வீடுகள் போனேன். பதினோரு கதவுகள் என் முகத்தில் மூடின. மூன்று நாளில் நிரம்பிய படிவங்கள் இருபத்தொன்பது. இருபத்துமூன்றில் ஏழாவது கேள்விக்கு எதிரே ‘இல்லவே இல்லை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஐந்தில் ‘தெரியாது.’ ஒன்றில் மட்டும் ‘மாசாமாசம்’ என்று எழுதி, பிறகு அடித்து, அடித்தது தெரியாமலிருக்க அதன்மேல் பூ வரைந்திருந்தது.

சுமதி மேடம் இருபத்தொன்பதையும் படித்தார். சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார்.

“சார், மாமூலை எடுத்துடுங்க. ‘நடந்து போற வழி’ன்னு போடுங்க. அப்புறம் இவங்க பயம் போகணும். முதல் பக்கத்துல ஒரு உறுதிமொழி எழுதுங்க.”

எழுதினேன். நான் எதையும் அரைகுறையாக எழுதுவதில்லை. ‘இதில் தாங்கள் தரும் தகவல் ஆய்வுக்கு மட்டுமே பயன்படும். தங்கள் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன். எந்த அலுவலகத்திலும், எந்த நீதிமன்றத்திலும், எக்காலத்திலும் இதனைக் காட்டவோ பயன்படுத்தவோ மாட்டேன்.’ ‘எக்காலத்திலும்’ என்பதற்குக் கீழே கோடு போட்டேன். நூறு படிவங்களிலும் நீல மையில் கையெழுத்திட்டேன். இரண்டு ரீபில் தீர்ந்தது.

அதற்குப் பிறகு யாரும் கதவை மூடவில்லை. தா.பழூர்ப் பக்கம் நெல் வயலில் நின்றுகொண்டே ஒருவர் முதல் பக்கத்தை வாசித்துவிட்டுப் பக்கத்து வயல்காரரிடம் சொன்னார். “கையெழுத்து போட்டுருக்காரு மாமா. இவர நம்பலாம்.”

எட்டாவது பெயர்

நூறும் முடித்துக் கட்டுக்கட்டி மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் பட்டியலையும் படிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கிராமம் எங்கள் ஊர். அங்கே அவர் விரல் நின்றது.

“சார், எல்லா இடத்துலயும் ஏழாவது பேர் எடுத்துருக்கீங்க. இங்க மட்டும் ஏன் எட்டு?”

எண்ணிக்கையில் நான் தப்பு செய்வதில்லை என்று இத்தொடரில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதில் ஒரு திருத்தம். ஒருமுறை செய்திருக்கிறேன், தெரிந்தே. அந்த ஏழாவது பெயர் தங்கராசு. நான் மெல்ல அடுத்த பெயருக்குத் தாண்டியிருந்தேன்.

வழக்கைச் சொன்னேன். வேலியைச் சொன்னேன். பந்தியையும் சொன்னேன்.

“அப்ப அந்த எட்டை எடுத்துட்டு அவர்கிட்ட போகணும் சார். பிடிக்காதவங்களை விட்டுட்டு எண்ணினா அது ஆய்வு இல்ல.”

“அவன் என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டான் மேடம்.”

“விடலைன்னா ‘பதிலளிக்க மறுத்தார்’னு எழுதிட்டு வாங்க.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மறுத்தார் என்று எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே போனேன்.

பதிலளிப்பவர்

அவன் வீட்டு வாசலில் வெங்காயம் காயப் போட்டிருந்தது. அவன் மனைவி செல்வி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “ஏங்க, யாரு வந்துருக்கா பாருங்க,” என்றாள். எனக்கும் அவனுக்கும்தான் பேச்சில்லை. அவளும் கமலாவும் வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுகிறவர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தங்கராசு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான். நான் தாளைப் பார்த்து வாசித்தேன்.

“பதிலளிப்பவர் பெயர்?”

அவன் மனைவியைப் பார்த்துக் கேட்டான். “கேக்கறவருக்குத் தெரியாதாமா?”

“எழுதிக்கிறாராம், சொல்லுங்க.”

“வயது?”

“அவரைவிட ஒண்ணேகால் வருஷம் சின்னவன்னு சொல்லு. கணக்குல புலிதானே, போட்டுக்கட்டும்.”

இப்படியே ஆறு கேள்விகள். எல்லாம் செல்வி வழியாக. ஏழாவது கேள்விக்கு முன்னால் அவன் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினான். முதல் பக்கத்தை மூன்று முறை வாசித்தான். உதடு அசைவதை எண்ணினேன், மூன்று முறைதான். பிறகு பல வருஷங்கள் கழித்து நேராக என் முகத்தைப் பார்த்தான்.

“இதுல போட்டுருக்கறது நெசமா?”

“நிஜம்.”

“கோர்ட்டுல காட்ட மாட்டீங்க?”

“மாட்டேன்.”

“எக்காலத்திலும்னு கோடு வேற போட்டுருக்கு.”

“நான்தான் போட்டேன்.”

“அப்ப எழுதிக்குங்க. வழி இருந்துச்சு. எங்கப்பன் காலத்துலேருந்து இருந்துச்சு. பெரியப்பா அந்த வரப்புலதான் நடந்து போவாரு. சின்னப்புள்ளையில நானே பின்னாடி ஓடிருக்கேன்.”

என் பேனா நின்றுவிட்டது. “எத்தனை வருஷம்?”

“அம்பதுன்னு போடுங்க. கூடவே இருக்கும்.”

இருபது வருஷம் தடையில்லாமல் நடந்திருந்தால் சட்டத்துக்குப் போதும். அவன் ஐம்பது தருகிறான். நான் பதினோரு வருஷம் கேட்டும் கிடைக்காததை வெங்காய வாசனைக்கு நடுவில் கூடை போட்டு அள்ளித் தருகிறான்.

“பின்னே கோர்ட்டுல இல்லைன்னு சொன்னியே?”

“கோர்ட்டுல கேட்டவரு வக்கீலு. இருக்குன்னா என் நிலம் போயிடும்னாரு. இங்க ஆராய்ச்சி கேக்குது. ஆராய்ச்சிக்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?” கையெழுத்துப் போடும் முன் விரலை நீட்டினான். “நடைபாதைன்னு ஒரு கட்டம், வண்டிப்பாதைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? நடைபாதையில டிக் போடுங்க. வண்டியில போட்டீங்க, கையெழுத்து கிடையாது.”

போட்டேன். செல்வி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அது ஆய்வு நெறிக்கு உகந்ததா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நூறாவது படிவம் என் பீரோவில் இருந்தது. மேல்முறையீடு சார்பு நீதிமன்றத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையே என் கையெழுத்து இருந்தது.

கமலாவுக்கு இதில் குழப்பமே இல்லை. “எடுத்துட்டுப் போயி வக்கீலுகிட்ட குடுங்க. பதினோரு வருஷம் சுத்திச் சுத்தி நடந்து முட்டி தேஞ்சு போச்சு. இப்ப என்ன நெறி, முறை?”

சுமதி மேடத்துக்கும் குழப்பமில்லை. “இந்த ஒண்ணைக் கோர்ட்டுல வச்சீங்கன்னா சார், மத்த தொண்ணூத்தொம்பது பேருக்கும் நீங்க சொன்னது பொய்யாயிடும்.” கூடவே இன்னொரு ஆணையும் போட்டார். ஆய்வேட்டின் முன்னுரையில், பதிலளித்தவர்களில் ஒருவருடன் ஆய்வாளருக்கு வழக்கு நிலுவையில் உள்ளது என்று நானே எழுத வேண்டும், பெயர் சொல்லாமல்.

குழப்பமெல்லாம் எனக்குத்தான். மேல்முறையீட்டில் மூன்று வாய்தாக்கள் வந்தன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பீரோவைத் திறந்தேன். படிவத்தை எடுத்தேன். ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லுக்குக் கீழே நான் போட்ட கோட்டைப் பார்த்தேன். மூடினேன். மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினேன். கோடு போடாமலாவது இருந்திருக்கலாம்.

மூன்றாவது வரிசை

அப்படித்தான் அந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தேன், ஓடாத மின்விசிறிக்குக் கீழே.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தென் மாவட்டத்துப் பேராசிரியர். ஒல்லியான மனிதர். நாற்பது நிமிஷம் நான் பேசியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறார் என்று நம்பினேன். கண்ணைத் திறந்து நேராக முன்னுரைக்கு வந்தார்.

“பதிலளித்தவர்களில் ஒருவரோடு உங்களுக்கு வழக்கு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எதைப் பற்றிய வழக்கு?”

“வழியைப் பற்றித்தான் ஐயா.”

“அப்ப இந்த ஆய்வே அந்த வழக்குக்குச் சாட்சி தேடத்தானே ஆரம்பிச்சீங்க?”

கூடத்தில் பதினெட்டுப் பேர். பொய் சொல்ல எனக்கு மூன்று வழிகள் தோன்றின. மூன்றுமே நல்ல வழிகள்.

“ஆரம்பிச்சது அதுக்குத்தான் ஐயா,” என்றேன்.

கமலா தலையில் கை வைத்துக்கொண்டாள். சுமதி மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்படின்னா அந்த ஆள் சொன்னதை நீங்க பயன்படுத்தலைன்னு நாங்க எப்படி நம்பறது?”

பதில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அவன் யார் என்று நான் சொல்லக் கூடாது. சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தங்கராசு எழுந்து நின்றான். மஞ்சள் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

“ஐயா, கும்பிடறேன். பொதுவுல பேசலாம்னு சொன்னாங்க. அந்த ஆளு நான்தானுங்க.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். “சொல்லுங்க.”

“நான் எழுதிக் குடுத்து பத்து மாசம் ஆச்சு. நடுவுல மூணு வாய்தா வந்துச்சுங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இன்னிக்கு அந்தத் தாளை எடுத்துருவாருன்னு பயந்துக்கிட்டேதான் போவேன். வாயத் தொறந்து குடுத்துட்டோமேன்னு வூட்டுல தூக்கமில்ல. மூணு தடவையும் இவரு அந்தத் தாளை எடுக்கலீங்க. எங்க அண்ணன் பந்திக்கு நேரத்துக்கு வரமாட்டாரு. ஆனா போட்ட கையெழுத்த மாத்த மாட்டாரு.”

உட்கார்ந்துவிட்டான். பஸ் தாமதம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சுமதி மேடம் கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

தேர்வாளர் ஏதோ எழுதினார். நான்கு வரி. பிறகு, “இப்ப பேசும்போது சொன்னீங்களே, அந்த மாமூல் கதையை ஏன் ஆய்வேட்டில் சேர்க்கலை? அதுதான் ரொம்பச் சுவாரசியம்,” என்றார்.

பட்டம் கிடைத்தது. சமோசாக்கள் முப்பது. தங்கராசு மூன்று எடுத்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கமலாவிடம், “அண்ணி, போயிட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

தொண்ணூற்று ஏழு

பதினைந்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். மேற்கு வரப்பின் தலைப்பில் கம்பி வேலி அறுத்து மடக்கியிருந்தது. டேப் வைத்து அளந்தேன். இரண்டேகால் அடி.

தங்கராசு வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். “இதுல ஒரு வெங்காய மூட்டையைத் தூக்கிட்டு எப்படிடா போறது?” என்றேன்.

“நடைபாதையிலதானே டிக் போடச் சொன்னேன் அண்ணே. வண்டின்னு சொல்லலையே.”

அடுத்த வாரம் மேல்முறையீட்டை வாபஸ் வாங்கினேன். இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். பேரை மட்டும் மாற்றச் சொன்னான். ‘தங்கராசு’ அவனே தேர்ந்தெடுத்த பெயர். “எழுதறதுதான் எழுதறீங்க, பொன்னு மாதிரி ஒரு பேரா வைங்க,” என்றான்.

வேலிச் சந்தில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து வரப்பில் நடந்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். என் வயலைத் தொட்டபோது தொண்ணூற்று ஏழு.

வழக்கு மனுவில் எண்பத்து நான்கு தப்படி என்று நானே சத்தியம் செய்து எழுதியிருக்கிறேன். பதின்மூன்று கூடுதல். திரும்பிப் போய் மறுபடி நடந்தேன். தொண்ணூற்று ஏழுதான்.

தங்கராசு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இரண்டு முறையும் பார்த்தான்.

“என்ன அண்ணே, பதினோரு வருஷத்துல பாதை வளந்துடுச்சா?”

என் காலைப் பார்த்தேன். முழங்கால் வீங்கியிருந்தது. மறுபடி வரப்பின் தலைப்புக்குத் திரும்பினேன். அவன் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து, நான் மூன்றாம் முறை எண்ணுவதற்குத் தோதாக, வரப்பில் சரிந்திருந்த இடத்தில் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டு மிதித்துவிட்டான்.